ஆஸ்திரேலியாவுக்குப் பூ கேட்டது

மாதப்பன் துணை

மைசூரு,
16-1-2025

அன்புத் தங்கச்சி சித்தம்மாவுக்கு அக்கா லிங்கம்மா எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். உன் காது எப்படி இருக்கிறது? கொள்ளேகாலத்தில் வாங்கிய காது மிஷினைப் போட்டுக்கொள்கிறாயா, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாயா? கேட்டால், "அது குருவியாட்டம் கத்துதுக்கா" என்பாய். போனில் பேசினால் உனக்குக் கேட்காது. கோபிநத்தத்தில் பாதி நாள் சிக்னலும் கிடையாது. ஆகவே உலகம் எங்கே போனாலும் நமக்குக் கடிதம்தான். நான் ஐந்தாவது வரை படித்ததும், நீ மூன்றாவதோடு எருமை மேய்க்கப் போனாலும் எழுத்தை மறக்காமல் இருப்பதும் இதற்காவது ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று முனிராஜ் போன் செய்தான். வழக்கமாக "சாப்ட்டீங்களாம்மா, கால் வலி எப்படி இருக்குது" என்று இரண்டு நிமிஷத்தில் முடிப்பவன் அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. கடைசியில்தான் சொன்னான்: "அம்மா, ஜூலைல நீங்க ஆஸ்திரேலியா வரோணும். ரெண்டு மாசம் எனக்கு லீவு. நாடு பூராச் சுத்திக் காட்டறேன்."

அவன் போய்ப் பதினோரு வருஷம். அவன் அப்பா காரியத்துக்குத் தனியாக வந்தான், பதினாறாம் நாள் முடித்துத் திரும்பினான். பேத்தி பூங்குழலிக்கு எட்டு வயது. அவளைப் போன் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி. இத்தனை வருஷம் இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து வந்தது? பத்து வருஷம் வேலை பார்த்தால் இரண்டு மாதம் சம்பளத்தோடு லீவு தருகிறார்களாம். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த ஊரில் சம்பளம் தருகிறார்கள்? மருமகள் மோகனப்ரியா மறுபடி முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை தூக்க ஆள் வேண்டும், அதுதான் விஷயம் என்று என் மனசு சொல்கிறது.

இந்தப் பக்கம் ராணிக்கு ஒரே துள்ளல். "போயிட்டு வாங்கம்மா, கடையை நான் பாத்துக்கறேன்" என்கிறாள். தேவராஜ மார்க்கெட்டில் நான் பூக்கடை போட்டு நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. பெற்ற மகள், நாலு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், இப்போது பார்த்துக்கொள்கிறாளாம்.

நீ என்ன நினைக்கிறாய்? மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
லிங்கம்மா


கோபிநத்தம்,
28-1-2025

அக்காவுக்குத் தங்கச்சி சித்தம்மா கும்பிட்டு எழுதிக்கொண்டது.

நான் இருக்கிறேன். ஆடும் இருக்கிறது. உன் முழங்காலுக்கு நொச்சி இலை வதக்கிக் கட்டு.

தபால்கார ஜடையன் வண்டியை நிறுத்தி, உன் கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான். நான்கு தடவை படித்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை கூப்பிடுகிறான், போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் ஹனூரில் ஒரு அம்மாவை இப்படித்தான் மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டானாம். ஆறு மாதம் பாத்திரம் கழுவிவிட்டு வந்தாராம். ஜடையன் சொன்னான். அவன் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை நீயே யோசித்துக்கொள்.

ராணி விஷயத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். பிள்ளைகளைப் பற்றித் தாய்க்குத் தெரியாததா.

அக்கா, அங்கேயிருந்து இங்கே கடிதம் வர எத்தனை நாள் ஆகும்?

சித்தம்மா


மைசூரு,
14-2-2025

சித்தம்மாவுக்கு,

நொச்சி கட்டினேன். வாசனைதான் மிச்சம். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் ஹனூர் விஷயத்தைப் படித்ததும் எனக்குப் பாதி நிச்சயமாகிவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் முடிவு கட்டுகிறவள் இல்லை நான். ஒரு உலகப் படம் வாங்கி வந்து கடையில் செவந்திக் கூடைக்கு மேலே மாட்டினேன். ஐந்தாவதில் உலகப் படத்துக்கு வண்ணம் தீட்டி வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். நீ அதன் மேல் மோரைக் கொட்டினாய். அதையும் மறக்கவில்லை.

பூக்கட்டுகிற நூலை எடுத்து அளந்தேன். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் வைத்து வெட்டிய நூலை ஆஸ்திரேலியாவின் குறுக்கே வைத்தால் எட்டவில்லை, புள்ளே! அவ்வளவு பெரிய நாட்டை இரண்டு மாதத்தில் எப்படிச் சுற்றிக் காட்டுவான்? கேட்டேன்.

"மேக்கால நாங்க இருக்கற பெர்த்து, கடல். நடுவுல செம்மண் பாலைவனம். வடக்க மழைக்காடு, முதலை. தெக்க பனிமலைம்மா, ஐஸ் கொட்டும்."

"எப்படா கொட்டும்?"

"ஜூலை, ஆகஸ்டுல."

"அப்ப வெயில் எப்ப?"

"டிசம்பர்லம்மா."

பார்த்தாயா? பொய் சொல்கிறவன் கொஞ்சம் பொருந்தச் சொல்ல வேண்டாமா? ஒரே நாட்டில் பாலைவனமாம், பனியாம், முதலையாம். அதிலும் ஆடி மாதம் பனி, மார்கழியில் வெயில். பக்கத்தில் வாழை இலை விற்கிற கணேசன் குறுக்கே வந்து, "அது நெசந்தானுங்கம்மா, பூமிக்கு அடிப்பக்கம் அப்படித்தான்" என்கிறான். அவனுக்கு இதில் என்ன லாபம்? முனிராஜ் அவனிடமும் பேசியிருப்பானோ? இன்றிலிருந்து அவன் மேலும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மோகனப்ரியா ராணியின் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள், "அத்தையோட பாத அளவும் தோள் அளவும் வேணும்" என்று. எதற்கு என்று கேட்டால், "வாங்க அத்தை, வந்து பாருங்க" என்று சிரிப்பு. ராணி நூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். தூங்கும்போது அளந்துவிட்டாள் போலிருக்கிறது.

எதற்கு என் கால் அளவு? யோசித்து எழுது.

லிங்கம்மா


கோபிநத்தம்,
9-3-2025

அக்காவுக்குக் கும்பிட்டு எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளை சித்தையன் பொங்கலுக்கும் வரவில்லை, சிவராத்திரிக்கும் வரவில்லை. பெங்களூரில் கட்டட வேலை விடவில்லையாம். ஜடையனிடம் சொல்லி அனுப்பினான். வீட்டில் நானும் ஆடும்தான். அது என்ன பேசினாலும் எனக்குக் கேட்காது, அதனால் சண்டை இல்லை.

கால் அளவைப் பற்றிக் கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியிலும் ஓட்டலிலும் வேலைக்குச் சேர்கிறவர்களுக்குத்தான் தோள் அளவும் கால் அளவும் எடுத்து உடுப்புத் தருவார்கள். சித்தையன் மனைவி துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் எடுத்தார்கள்.

கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று போன தடவை கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

சித்தம்மா


மைசூரு,
23-3-2025

சித்தம்மாவுக்கு,

என் முழங்கால், உன் காது, இரண்டையும் மாதப்பன் பார்த்துக்கொள்ளட்டும்.

உடுப்பு விஷயம் எழுதினாய் பார், அன்றிலிருந்து காலை நீட்டியே படுப்பதில்லை. அதோடு இப்போது என் மார்பைப் படம் எடுக்க வேண்டுமாம். விசாவுக்காம். ராணி ஆட்டோவில் கூட்டிப் போனாள். "என் மார்பைப் பாத்து அந்த நாட்டுக்கு என்ன ஆகோணும்?" என்று டாக்டரிடமே கேட்டேன். சளி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றார். என் சளியை அறுபத்தேழு வருஷமாக யாரும் கேட்டதில்லை.

ராணி இப்போது விடிவதற்கு முன்னால் எனக்கு முந்தி மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிறாள். கனகாம்பரம் கட்டினால் கண்ணி கழன்று கொட்டும் அவள் கையில். இப்போது பதினைந்து நாளில் நெருக்க நெருக்கக் கட்டுகிறாள். வாடிக்கைக்காரர்கள் பெயரையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்கிறாள். நான் போய்த் திரும்பி வந்தால் என் கடையில் எனக்கு உட்கார இடம் இருக்குமா?

யாரையும் நம்ப முடியவில்லை, சித்தம்மா. அதனால் ஒன்று செய்ய வேண்டும் நீ. நம் ஏரிக்கரை மாதப்பன் கோயிலில் எனக்காகப் பூ கேள். நம் அம்மா கேட்ட மாதிரியே, வீட்டிலேயே புங்க இலையில் ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி வைத்து, வாழை நாரில் ஒன்றுபோலக் கட்டு. சாமி காலடியில் வைத்துப் பூசை முடிந்ததும் பூசாரி தொட்டையன் ஒன்றை எடுத்துக் கொடுப்பான். வெள்ளை வந்தால் போகிறேன். சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் பேச்சில்லை. உடன்பிறந்தவள் கட்டினால்தான் வாக்குச் சுத்தமாக இருக்கும். உன்னைத் தவிர எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லை.

ஏப்ரல் முடிவதற்குள் டிக்கெட் எடுக்க வேண்டுமாம். உடனே எழுது.

கடிதம் எத்தனை நாளில் வரும் என்று கேட்கிறாய். அங்கே போனால் எனக்கு எழுத நேரம் இருக்குமோ என்னவோ. வந்து எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன்.

லிங்கம்மா


மைசூரு,
16-4-2025

சித்தம்மாவுக்கு,

உடம்புக்கு என்ன? என் கடிதம் போய் இருபத்து நாலு நாள் ஆயிற்று. ஜடையன் எங்கேயாவது போட்டுவிட்டானா? அவன் முழி எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நேற்றுப் பூங்குழலி போனில் வந்தாள். அவள் தமிழ் உனக்குத் தெரியாது. ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுத்து வைப்பாள். "அப்பத்தா, நீங்க ஐஸ் தொட்டிருக்கீங்களா? மேலேருந்து விழற ஐஸ்?" என்றாள். இல்லை கண்ணு என்றேன். "நானும் தொட்டதில்ல. அப்பா கூப்பிட்டாரு. அப்பத்தா வந்ததும் சேர்ந்து தொடலாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

எட்டு வயசுப் பிள்ளை. அதற்குப் பொய் சொல்லிக் கொடுத்திருப்பார்களா? கொடுத்திருக்கலாம். ஆனாலும் நேற்றிலிருந்து எனக்குப் போக வேண்டும் போலவே இருக்கிறது. வெள்ளை வரட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பூக் கட்டுகிறேன். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

சீக்கிரம் எழுது.

லிங்கம்மா


கோபிநத்தம்,
20-4-2025

அக்காவுக்குச் சித்தம்மா கும்பிட்டு எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே. வெயில் அதிகம்.

நேற்று சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டேன். நீ சொன்ன மாதிரியே புங்க இலையில் வைத்து வாழை நாரில் கட்டினேன். தொட்டையன் பூசை செய்து எடுத்துக் கொடுத்தான். பிரித்தேன். சிவப்பு.

மாதப்பன் வேண்டாம் என்றுவிட்டார். நாம் என்ன செய்ய முடியும்?

வந்த பொட்டலத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். மற்றதை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். ஓடை காய்ந்து கிடக்கிறது. சாமி காலடியில் இருந்ததைக் கண்ட இடத்தில் போட மனசு வரவில்லை. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். அங்கே காவிரியில் விட்டுவிடு. அதைப் பிரிக்கக் கூடாது, உனக்கே தெரியும்.

மழை வந்ததும் நீ ஒரு நடை இங்கே வா. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன்.

சித்தம்மா


மைசூரு,
6-5-2025

சித்தம்மாவுக்கு,

உன் பொட்டலங்கள் கிடைத்தன.

அன்றைக்கே முனிராஜிடம், "மாதப்பன் வேண்டாங்கறாரு, நான் வரல" என்றேன். "சரிங்கம்மா" என்றான். அவ்வளவுதான். வாதாடவில்லை. ஏதோ காரியத்துக்காகக் கூப்பிட்டவன் இவ்வளவு சுலபமாக விடுவானா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது: "வரலையா? அப்ப அந்த பூட்ஸ்?" பனியில் நடக்க எனக்குப் பூட்ஸும் கம்பளிக் கோட்டும் வாங்கி வைத்திருந்தார்களாம். வந்ததும் காட்டலாம் என்று மோகனப்ரியா மறைத்து வைத்தாளாம். அளவு கேட்டது அதற்குத்தான். அவள் வயிற்றில் பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ராணியிடம், "கடையை உனக்கு எழுதித் தர மாட்டேன், நான் எங்கயும் போகல" என்றேன். கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ரெண்டு மாசம் மூடிக் கிடந்தா உங்க எடத்துல வேற யாராச்சும் கூடைய வெப்பாங்கன்னுதானேம்மா வெடியாம வந்து கத்துக்கிட்டேன். நீங்க வந்தா எந்திரிச்சுப் போயிர மாட்டேனா?" என்றாள். கணேசன் தலையைக் குனிந்துகொண்டு இலை எண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். படித்துறையில் உட்கார்ந்து பிரிக்காத பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். பிரிக்கக் கூடாது என்று தெரியும். பிரித்துப் பார்க்காமல் எதையும் நான் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியாதா?

வெள்ளை அரளி காய்ந்தால் பழுப்பாகும். செவ்வரளி காய்ந்தால் கருஞ்சிவப்பாகும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டிலும் செவ்வரளி.

மகனைச் சந்தேகப்பட்டேன். மருமகளை, மகளை, ஒரு பாவமும் அறியாத வாழை இலைக்காரனை, மார்பைப் படம் எடுத்த டாக்டரைச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும்தான் சந்தேகப்படவில்லை.

ஏன் செய்தாய்?

நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

லிங்கம்மா


கோபிநத்தம்,
19-6-2025

அக்காவுக்கு,

கும்பிடுகிறேன் என்று எழுத எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கும்பிடுகிறேன்.

ஆறு வாரம் எழுத முடியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

காது போன பிறகு எனக்கு மனுஷக் குரல் என்றால் அது உன் கடிதம்தான். கோயிலில் மணி அடிப்பதைப் பார்க்கிறேன், கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பதைப் பார்க்கிறேன். உன் கடிதத்தைப் பிரித்தால் மட்டும் உன் குரல் வருகிறது. நீ திட்டினால் திட்டு கேட்கிறது. மோர் கொட்டியதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாய், அதுவும் கேட்கிறது. நீ கடல் தாண்டிப் போனால் எத்தனை நாள் அது நின்றுபோகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். எழுத நேரம் இருக்குமோ என்னவோ என்று நீ பதில் எழுதினாய்.

அன்றைக்கே இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டிவிட்டேன். சாமி முன்னால் கொண்டுபோய் வைக்கத்தான் துணிச்சல் வரவில்லை. கட்டியது வாடும், பிரித்துப் புதுப் பூ வைப்பேன், மறுபடியும் சிவப்பே வைப்பேன். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. ஹனூர் அம்மாவைப் பற்றியும் உண்மை தெரியாது. ஜடையன் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. நானாக எழுதினேன்.

உன் கடைசிக் கடிதத்தைப் பத்துத் தடவைக்கு மேல் படித்துவிட்டேன். அதில் குரல் வரவில்லை அக்கா.

போன வாரம் மழை பெய்து ஓடை ஓடுகிறது. நேற்றுக் கோயிலுக்குப் போனேன். தொட்டையன் பார்க்க, அவன் எதிரிலேயே ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்துக் கட்டினேன். "ஏனாத்தா, மறுபடியும் கேக்கறீங்க?" என்று கையை ஆட்டிக் கேட்டான். போன தடவை நான் சாமியைக் கேட்கவே இல்லை என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாதப்பனுக்குப் புரிந்திருக்கும்.

அவன் எடுத்துக் கொடுத்ததை நான் பிரிக்கவில்லை. மற்றதை ஓடையில் விட்டுவிட்டேன். எடுத்ததை இதோடு வைத்திருக்கிறேன். என்ன நிறம் என்று எனக்கும் தெரியாது. என் வார்த்தையை நீ இனிமேல் நம்ப வேண்டாம். நீயே பிரித்துப் பார்.

சித்தம்மா


மைசூரு,
3-7-2025

சித்தம்மாவுக்கு,

பொட்டலம் வந்தது.

முனிராஜ் லீவை மாற்றாமல் வைத்திருந்தான். "எதுக்குடா மாத்தல?" என்றேன். "நீங்க ஒரு தடவ வேண்டாம்னா அது பாதி வேண்டாந்தான்னு எனக்குத் தெரியாதாம்மா" என்கிறான். அவனும் என்னைச் சந்தேகப்பட்டுத்தான் இருந்திருக்கிறான். என் பிள்ளைதானே.

ஜூலை 20 பெங்களூரிலிருந்து போகிறேன். செப்டம்பர் 14 திரும்புகிறேன். தசரா ஆரம்பிப்பதற்கு எட்டு நாள் முன்னாலேயே கடையில் இருப்பேன். திரும்பி வருகிற டிக்கெட்டை என் கண்ணால் பார்த்துவிட்டேன், இரண்டு தடவை.

என்ன நிறம் என்று கேட்காதே. உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. காது மிஷினைப் பானையிலிருந்து எடு.

லிங்கம்மா


மாதப்பன் துணை

பெர்த், ஆஸ்திரேலியா,
24-7-2025

அன்புத் தங்கச்சி சித்தம்மாவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே என் முழங்கால் உட்பட எல்லாரும் சௌக்கியம். குளிருக்குப் பயந்து அதுவும் வாயை மூடிக்கொண்டது. நீயும் ஆடும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் பொட்டல விஷயம். அதை நான் பிரிக்கவில்லை. நான்கு தடவை நாரில் கை வைத்தேன். பிரித்தால் மறுபடியும் உன்னைச் சோதிக்கிற மாதிரி ஆகும் என்று அப்படியே கைப்பையில் வைத்துக்கொண்டேன். கணேசன், "பூவா இருந்தா அங்க விட மாட்டாங்களாமுங்கம்மா" என்றான். இந்தத் தடவை அவனைச் சந்தேகப்படவில்லை. கேட்டிருக்கலாம்.

விமானத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பெங்களூர்ப் பெண் எனக்காக எழுதினாள். "செடி, விதை, பூ ஏதாவது இருக்கா அஜ்ஜி? இல்லன்னு போட்றலாமா?" என்றாள். நாற்பத்தொரு வருஷம் பூ விற்றவள், பூ இல்லை என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இருக்கிறது என்றே போடச் சொன்னேன்.

இறங்கியதும் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். முனிராஜ் வயசு ஒரு அதிகாரி. கையுறை போட்டுக்கொண்டு பொட்டலத்தை எடுத்து, பிரிக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். நல்ல மரியாதை. நான் தலையை ஆட்டினேன். அவர் நாரை அவிழ்க்க ஆரம்பித்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சித்தம்மா. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஏதோ சொன்னார். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அதில் ஏதாவது தெரிந்துவிடும் என்று. திரும்பியபோது மேஜை மேல் ஒன்றும் இல்லை. ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.

ஆக, மாதப்பன் என்ன சொன்னார் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த நாட்டில் ஒரே ஒரு அதிகாரிக்குத் தெரியும். அவருக்கோ அது என்னவென்று தெரியாது. மாதப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். கடல் தாண்டி வந்து அவரும் கொஞ்சம் ஊர் பார்க்கட்டும்.

வெளியே பூங்குழலி அந்தப் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் கண்ணாடியில் தெரிந்ததைவிட உயரம். நம் அம்மாவின் நெற்றி. பக்கத்தில் வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நிஜம்தானா என்று சோதிக்கிறாள். யாருடைய பேத்தி!

பூட்ஸ் சரியாக இருக்கிறது. நாளை மறுநாள் செம்மண் பாலைவனம். ஆகஸ்டில் பனிமலை. ஜூலையில் குளிர்தான், சித்தம்மா, அவன் பொய் சொல்லவில்லை. என் கையே மரத்துப்போகிறது.

நீ இரண்டு தடவை கேட்ட கேள்விக்கு இப்போது பதில். இங்கேயிருந்து கடிதம் வரப் பதினைந்து நாள், சில சமயம் இருபது நாள்கூட ஆகுமாம். அது எனக்குப் புறப்படும் முன்பே தெரியும், தபாலாபீசில் விசாரித்துவிட்டேன். அதனால் எட்டுக் கடிதம் முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு, ஒட்டி ராணியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வாரம் ஒன்றாக மைசூரிலிருந்தே போடுவாள். இது உன் கைக்கு வருவதற்குள் இரண்டு வந்திருக்க வேண்டும். ஒன்றில் நான் இன்னும் பார்க்காத பனியைப் பற்றி எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தால் வந்து திருத்துகிறேன். ராணி ஒழுங்காகப் போடுகிறாளா என்று எனக்கு எழுது. கொஞ்சம் சந்தேகம்தான்.

எட்டிலும் உன்னை நன்றாகத் திட்டியிருக்கிறேன். காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படி. தெளிவாகக் கேட்கும்.

உன் அக்கா,
லிங்கம்மா